அந்த டிக் ரேமைக் கூட்டாது

16 ஜிபி ரேம் போட்டிருக்கிறது, விண்டோஸோ 8 ஜிபிதான் காட்டுகிறது. யாரிடம் சொன்னாலும் கைவசம் ஒரு வைத்தியம் இருக்கும். “எம்எஸ்கான்ஃபிக் போங்க சார். பூட்ல அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் இருக்கும், மேக்சிமம் மெமரில டிக் அடிச்சு ரீஸ்டார்ட் பண்ணுங்க.” மீதி ரேமை விண்டோஸ் பூட்டி வைத்திருக்கிறதாம், அந்த டிக் திறந்துவிடுமாம். சர்வீஸ் கடைப் பையன் முதல் ஆபீஸில் ‘சிஸ்டம் தெரிந்தவர்’ என்று பெயர் வாங்கியவர் வரை எல்லார் வாயிலும் இதுதான்.

சுத்த அபத்தம். அந்தப் பெட்டியை வைத்ததே ரேமைக் குறைப்பதற்கு. தான் எழுதிய டிரைவர் 4 ஜிபி கணினியில் தாக்குப்பிடிக்குமா என்று பார்க்க நினைப்பவர், தன் பெரிய கணினியிலேயே 4096 என்று கொடுத்துச் சோதிக்கலாம். டிக் இல்லையென்றால் வரம்பே இல்லை. கிடைப்பதையெல்லாம் விண்டோஸ் எடுத்துக்கொள்ளும்.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. 8 ஜிபி கணினியில் கணக்காக 8192 என்றே கொடுத்தாலும் நஷ்டம்தான். அந்த எண் ரேமின் அளவைக் குறிப்பதில்லை, எந்த முகவரிவரை தொடலாம் என்ற எல்லையைக் குறிக்கிறது. 4 ஜிபிக்குக் கீழே உள்ள முகவரிகளில் ஒரு பகுதியை கிராஃபிக்ஸ் கார்டு போன்ற சாதனங்கள் பிடித்துக்கொள்கின்றன. அங்கே இருந்திருக்க வேண்டிய ரேமுக்கு 8 ஜிபிக்கு மேலே முகவரி தரப்படுகிறது. 8192-இல் கோடு கிழித்தால் அந்தத் துண்டு அப்படியே போய்விடும்.

“எனக்குச் சரியாச்சே” என்பவர்கள் பொய் சொல்லவில்லை. ரேமைக் கழற்றி, கால்களை அழிரப்பரால் தேய்த்து, அழுத்தி மாட்டியிருப்பார்கள். கூடவே டிக்கும் அடித்திருப்பார்கள். பெயர் டிக்குக்குப் போய்விட்டது.

ரேமை எண்ணுவது விண்டோஸின் வேலையே இல்லை. ஸ்விட்சைப் போட்டதும் பயாஸ் ஒவ்வொரு ரேம் ஸ்டிக்கிலும் உள்ள சிறு சிப்பைப் படித்துக் கணக்கெடுக்கிறது. அங்கேயே 8 என்று இருந்தால் விண்டோஸை எத்தனை தடவை மாற்றிப் போட்டாலும் 8 தான். அப்போது ஸ்டிக்குகளைத் தனித்தனியாக ஒவ்வொரு ஸ்லாட்டிலும் மாட்டிப் பார்க்க வேண்டும். எந்த ஸ்டிக்கைப் போட்டாலும் ஒரே ஸ்லாட் மட்டும் பேச மறுக்கிறதா? ரேம் மேல் குற்றமில்லை. ரேமோடு பேசும் மெமரி கன்ட்ரோலரை ஏஎம்டி 2003-லும் இன்டெல் 2008-லும் பிராசசருக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டன. அதனால் பிராசசர் சாக்கெட்டில் ஒரு பின் வளைந்தாலும், கூலரை ஒரு பக்கமாக இறுக்கியிருந்தாலும் ஒரு மெமரி சேனலே காணாமல் போகலாம். ஜி41 சிப்செட் உள்ள பழைய மதர்போர்டு இன்னொரு ரகம். 16 சிப் உள்ள 4 ஜிபி டிடிஆர்3 ஸ்டிக்கை ஏற்கும், 8 சிப் உள்ள அதே 4 ஜிபி ஸ்டிக்கோடு ஒத்துப்போகாது. இதையெல்லாம் பார்க்காமல் “ரேம் போச்சு” என்று புதிதாக ஒன்றை விற்பது வியாபாரம், ரிப்பேர் அல்ல.

பயாஸில் முழுதாக இருந்து விண்டோஸில் மட்டும் குறைகிறதா? டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்தில் ‘ஹார்டுவேர் ரிசர்வ்டு’ என்ற வரியைப் பாருங்கள். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத ரைசன் லேப்டாப்பில் 2 ஜிபிகூட அங்கே ஒதுங்கியிருக்கும். அது திரைக்குப் போன பங்கு.

விண்டோஸ் பூட்டுவதே இல்லை என்றும் சொல்லவில்லை. 32-பிட் விண்டோஸ் 10-க்கு 4 ஜிபிதான் எல்லை. அதிலும் சாதனங்களுக்குப் போக மூன்றே கால், மூன்றரைதான் மிஞ்சும். 64-பிட் விண்டோஸ் 7 ஹோம் பேசிக் 8 ஜிபியோடு நிற்கும், ஹோம் பிரீமியம் 16 வரை போகும். ஆனால் இந்தப் பூட்டைத் திறக்க வேறு பதிப்பு போட வேண்டும், டிக் உதவாது.

ஏற்கெனவே டிக் அடித்து வைத்திருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். இனி யாராவது அடிக்கச் சொன்னால், பயாஸில் எவ்வளவு காட்டியது என்று முதலில் அவரைக் கேளுங்கள்.