பெல்ட் இருக்கு, கொக்கியை எங்கே மாட்ட?

2024 அக்டோபரில், ஆம்பூரில் கட்டிக்கொண்டிருந்த மேம்பாலத்தின் ஒரு பகுதி சரிந்து வடமாநிலத் தொழிலாளர்கள் காயப்பட்டார்கள். டீக்கடையில் எழுந்த முதல் கேள்வி: "பெல்ட் போட்டிருந்தானுங்களா?" ஷூவும் பெல்ட்டும் தைத்து ஊருலகத்துக்கு அனுப்புகிற ஊரில் பெல்ட்டுக்கா பஞ்சம்? நிற்கிற இடமே சரியும்போது பெல்ட் என்ன செய்யும்? கம்பி கட்டும் மேஸ்திரியான எனக்கு அந்தக் கேள்வியே பிடிக்காது.

தூண் தலையில் கம்பி கட்டுகிறவனைப் பாருங்கள். கையில் கொறடு, தோளில் கட்டுக்கம்பிச் சுருள், காலடியில் உருளும் கம்பி. பெல்ட்டின் கொக்கியைப் பக்கத்துக் கம்பியில் மாட்டுகிறான். அந்தக் கம்பியே கட்டுக்கம்பி முடிச்சில்தான் நிற்கிறது; விழுகிற ஆளை அது எப்படித் தாங்கும்? இரண்டடி நகர வேண்டுமென்றால் கொக்கியைக் கழற்றியாக வேண்டும். கழற்றுகிற அந்த நேரத்தில்தான் கால் வழுக்கும். தூணுக்குத் தூண் இழுத்துக் கட்டிய இரும்பு வயர், இரட்டைக் கொக்கி, கீழே வலை. இந்த மூன்றும் இல்லாத பெல்ட் போட்டோவுக்குத்தான்.

இது புதுக் கண்டுபிடிப்பு அல்ல. 1937-ல் திறந்த அமெரிக்காவின் கோல்டன் கேட் பாலத்தைக் கட்டும்போது அடியில் வலை கட்டியதால் 19 பேர் பிழைத்தார்கள். அதே ஆண்டு பிப்ரவரியில் சாரம் அறுந்து விழுந்து வலையைக் கிழித்ததில் 10 பேர் இறந்தார்கள். சாரத்தைச் சரியாகக் கட்டாவிட்டால் வலையும் காக்காது. நம் நாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் விதிகளும் 1998-லேயே வலை, பெல்ட், கொக்கி மாட்டும் லைஃப்லைன் வயர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டன.

விழுந்தவன் பிழைத்தால் என்ன ஆகும் என்பதை வேலூர் பாகாயத்தில் பார்க்கலாம். 1954-ல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்து, சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸ் 1966-ல் தொடங்கிய மறுவாழ்வு மையம் அங்கே இருக்கிறது. என்னோடு வேலை செய்த ஒருவனைப் பார்க்கப் போனேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப்புண் வந்துவிடும் என்று அவன் மனைவிக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒடிசாவிலிருந்து தனியாக வந்தவனை யார் புரட்டுவது?

விதி இருந்தும் ஏன் கட்டுவதில்லை? வலைக்கும் வயருக்கும் டெண்டரில் பெரும்பாலும் தனி விலை கிடையாது. மொத்த ரேட்டுக்குள் அடக்கம் என்பார்கள். குறைந்த விலைக்கு எடுத்தவர் முதலில் கைவைப்பது அதில்தான். சிமென்ட், கம்பி போல வலையையும் தனி ஐட்டமாகப் போட்டு, கட்டியதை அளந்து பார்த்துப் பில் கொடுங்கள். கட்டாவிட்டால் காசு இல்லை என்றால், மறுநாளே கட்டுவார்கள்.