பூட்டி வைக்கவா, திறந்து விடவா? கடலடியில் 'கொலோசஸ்'

இங்கிலாந்தின் தென்மேற்கு முனையைத் தாண்டினால் சில்லித் தீவுகள். அதில் ஆளில்லாத சாம்சன் தீவுக்குத் தெற்கே, சுமார் 15 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது 'எச்.எம்.எஸ். கொலோசஸ்'. 74 பீரங்கிகள் கொண்ட பிரிட்டிஷ் போர்க்கப்பல். முறையாக அனுமதி வாங்கினால் சாதாரண ஸ்கூபா டைவர்களும் பார்க்கலாம். 'இவ்வளவு பழைய கப்பல்கிட்ட டூரிஸ்ட்டுக்கு என்ன வேலை?' என்று கேட்பவர்கள் உண்டு.

1798-ல் நைல் போரில் காயமடைந்த வீரர்களையும், நேப்பிள்ஸில் தூதராக இருந்த வில்லியம் ஹாமில்டன் சேகரித்த பழங்காலக் கிரேக்க ஜாடிகளையும் ஏற்றிக்கொண்டு கொலோசஸ் ஊர் திரும்பியது. டிசம்பர் புயலில் நங்கூரக் கயிறு அறுந்து பாறையில் மோதியது. ஒருவரைத் தவிர எல்லோரும் தப்பினர். ஜாடிகள் போயே போச்சு.

1974-ல் டைவர்கள் அந்த இடத்தைக் கண்டுபிடித்தனர். ஆயிரக்கணக்கான ஜாடித் துண்டுகள் பிரிட்டிஷ் மியூசியம் போய்ச் சேர்ந்தன. 1975-ல் கிடைத்த சட்டப் பாதுகாப்பை, 'இனி அங்கே ஒன்றும் மிச்சமில்லை' என்று நினைத்து 1984-ல் அரசு விலக்கிக்கொண்டது. கடலுக்கு வேறு கணக்கு இருந்தது. மணல் நகர்ந்ததும் சற்றுத் தள்ளி கப்பலின் பின்பகுதியே வெளியே தெரிந்தது, பீரங்கிகளோடு! 2001-ல் மறுபடியும் பாதுகாப்பு. நடுவில் 17 வருடம் அந்த இடத்துக்குக் காவலே இல்லை.

உண்மையில் காவல் காத்தது மணல்தான். மணலுக்குள் ஆக்சிஜன் இல்லாததால் மரம் தாக்குப்பிடிக்கும். மணல் விலகினால் மரம் துளைக்கும் கடல் புழுக்கள் வேலையைத் தொடங்கிவிடும். எந்தச் சட்டமும் மணலைத் திரும்பக் கொண்டுவந்து போடாது. எது புதிதாக வெளியே வந்திருக்கிறது, எது கரைந்துபோனது என்று கவனித்துச் சொல்ல ஆட்கள் வேண்டும். அதிகாரிகளால் தினமும் குதிக்க முடியுமா? அதனால்தான் எண் போட்ட அடையாளங்களோடு டைவர்களுக்குப் பாதை அமைத்தது சரியான முடிவு. பூட்டி வைத்த கப்பல் கண்ணுக்குத் தெரியாமலேயே அழியும்.

ஆழம் குறைவு என்பதற்காக ஈஸி என்று நினைத்துவிட வேண்டாம். கோடையிலும் தண்ணீர் 16 டிகிரி அளவில்தான் இருக்கும். தடித்த வெட்சூட் அல்லது டிரைசூட் கட்டாயம். அலையடித்தால் கடற்பாசிக் காட்டுக்குள் ஆளையே தள்ளும். மிதப்பைச் சரியாக வைக்கத் தெரியாதவரின் ஒரு ஃபின் உதை போதும், 1798-லிருந்து தப்பி வந்த செதுக்கு வேலை உடைந்துவிடும். எதையும் தொடக் கூடாது, எடுக்கக் கூடாது. போட்டோ மட்டும் ஓகே. பல வருடப் போட்டோக்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் மணல் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பது தெரியும்.