பேய்க்கும் பழைய பாக்கி உண்டு

ஒரு சின்னக் கணக்கு. 2007-ல் 'முனி' வந்தது. 2011-ல் வந்த 'காஞ்சனா'வின் முழுப்பெயர் 'முனி 2: காஞ்சனா'. 2015-ல் 'காஞ்சனா 2'. 2019-ல் 'காஞ்சனா 3'. அதற்கே 'முனி 4' என்றும் ஒரு பெயர். ஆக, அது மூணாவது படமா, நாலாவது படமா? ஒரே சரக்குக்கு இரண்டு பில் நம்பர் போட்டால் ஆடிட்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நம்மை ஏற இறங்கப் பார்ப்பார்.

சரி, நம்பர் போகட்டும். எனக்குள்ள சந்தேகம் வேறு. இரண்டாம் பாகம், மூன்றாம் பாகம் என்கிறார்களே, எதனுடைய பாகம்?

நான் படித்தது பி.காம். வருஷக் கடைசியில் கணக்கை முடிக்கும்போது மிச்சத்தைக் 'கீழே இறக்க' வேண்டும். புது வருஷத்தின் முதல் வரியில் அதையே 'கீழே கொண்டுவர' வேண்டும். கணக்குப்பதிவியலின் பாலபாடம் இது. அந்த முதல் வரி இல்லையென்றால் அது அடுத்த வருஷத்துக் கணக்கே அல்ல; வேறு யாருடையதோ. கோவில்பட்டி பஜாரில் மளிகைக் கடை வைத்திருப்பவருக்கு இதற்கு டிகிரி தேவையில்லை. நோட்டில் புதுப் பக்கம் புரட்டினால் முதல் வரியில் 'பழைய பாக்கி' என்று எழுதிவிட்டுத்தான் பருப்புக்கே வருவார்.

நம்ம பேய்ப்படக்காரர்கள் மட்டும் ஒவ்வொரு பாகத்துக்கும் புது நோட்டு வாங்குகிறார்கள்.

கதையின் எலும்புக்கூட்டை நீங்களே மனப்பாடமாகச் சொல்வீர்கள். ஒரு பங்களா. அதற்குக் குடிவரும் ஒரு பெரிய குடும்பம். இருட்டைப் பார்த்தால் அலறும் ஒரு காமெடியன். அரை மணி நேரம் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். இடைவேளையில் யாரோ ஒருவர் மேல் பேய் இறங்கும். பிறகு மந்திரவாதியோ சாமியாரோ வருவார். அப்புறம் இருபது நிமிஷம் ஃப்ளாஷ்பேக். கடைசியில் கோயில், பாட்டு, உக்கிரம், சுபம்.

இந்த வரிசையில் எது உண்மை என்று யோசித்துப் பாருங்கள். ஃப்ளாஷ்பேக் மட்டும்தான். அதுவரைக்கும் நடப்பதெல்லாம் கடனுக்கு ஓட்டிய வண்டி. ஏன் கதவு சாத்துகிறது, ஏன் அந்தப் பெண் சிரிக்கிறாள் என்பதற்கெல்லாம் அந்த இருபது நிமிஷம்தான் பதில் சொல்கிறது. 'முனி'யில் அரசியல்வாதியை நம்பி மோசம் போன ஒரு குப்பத்து மனிதர். 'காஞ்சனா'வில் ஆஸ்பத்திரி கட்ட வாங்கிய நிலத்துக்காகக் கொல்லப்பட்ட ஒரு திருநங்கை. இவை வெறும் பேய்க்கதைகளா என்ன? தாலுகா ஆபீஸ் வாசலில் தினம் கேட்கிற கதைகள்.

'காஞ்சனா'வைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. திருநங்கை என்றால் கேலி செய்ய மட்டுமே தெரிந்திருந்த சினிமாவில், சரத்குமார் மாதிரி ஒரு நடிகர் அந்த வேஷத்தைக் கட்டி, தியேட்டரே அவர் பக்கம் நின்றது. கட்டமைப்பிலும் ஒரு நியாயம் இருந்தது. பயந்தாங்கொள்ளி ஒருவன், அவள் கதையைக் கேட்டபிறகு, தன் உடம்பையே அவளுக்குக் கடனாகக் கொடுக்கிறான். செத்தவளுக்கு உயிரோடிருப்பவன் ஜாமீன்!

அடுத்த படத்தில் அந்த ஜாமீன் என்ன ஆச்சு? அதே லாரன்ஸ், அதே கோவை சரளா அம்மா, அதே இருட்டுப் பயம், எல்லாம் முதலிலிருந்து. இந்தத் தடவை பேய் நித்யா மேனன் நடித்த, கால் ஊனமுற்ற கங்கா. தலைப்பில் காஞ்சனா இருக்கிறாள், கதை அவளுடையது அல்ல. ஒரு திருநங்கையின் மரணம் பட கம்பெனிக்கு ஒரு பிராண்ட் ஆகிவிட்டது. அடுத்த படத்துக்கு எரிபொருள் தீர்ந்ததும் இன்னொரு பாவப்பட்டவரைத் தேட வேண்டியதுதான்.

'அரண்மனை' வரிசை இன்னும் ஒரு படி மேலே. 2014, 2016, 2021, 2024 என்று நாலு பாகம். தொடர்ந்து வருபவர் சுந்தர்.சி மட்டும். 2016 ஜனவரியில் வந்த இரண்டாம் பாகத்தில் ஹன்சிகாதான் பேய். காதலித்த குற்றத்துக்காகச் சொந்தக் குடும்பமே கொன்ற பெண். எவ்வளவு பெரிய விஷயத்தைக் கையில் எடுத்தார்கள் பாருங்கள்! ஆனால், படத்தின் பாதி வேலை அந்தக் குடும்பத்தை அவளிடமிருந்து காப்பாற்றுவது. அவளை அடக்க அம்மன் துணை வேறு. ஆணவக்கொலையில் செத்தவளை அடக்கினால் 'சுபம்' என்று எழுத்துப் போடலாமாம். எங்கள் பாஷையில் இதற்குப் பெயர் வாராக்கடனைப் போக்கெழுதுவது.

'சந்திரமுகி'யை மறந்துவிடாதீர்கள். 2005 படத்தின் கெட்டிக்காரத்தனமே, வந்தது பேய் அல்ல, கங்காவின் மனநோய் என்று டாக்டர் ரஜினி விளக்கம் சொன்னதுதான். 1993-ல் மலையாளத்தில் பாஸில் எடுத்த 'மணிச்சித்திரத்தாழ்' கொடுத்த சீதனம் அது. அதே பி.வாசு 2023-ல் 'சந்திரமுகி 2' எடுத்தார். அதில் சந்திரமுகியும் வேட்டையனும் நிஜமான ஆவிகளாகவே வந்து வாள் சுழற்றினார்கள். அப்படியானால் பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் அந்த டாக்டர் கொடுத்த ட்ரீட்மென்ட் என்ன கணக்கில் சேரும்? பழைய பாக்கியை மறந்தால்கூட மன்னிக்கலாம். இது பழைய பக்கத்தையே கிழித்துப் போட்ட கதை.

உடனே ஒரு பதில் வரும், எனக்குத் தெரியும். "ஜனங்க அதையேதான் சார் கேக்குறாங்க. உங்க ஊர்க் கடலை மிட்டாய் மட்டும் என்னவாம்? அதே வெல்லம், அதே கடலை, அதே பாகு. கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடே கொடுத்தாங்களே?"

நல்ல கேள்வி. சந்தோஷத்துக்கு ஒரே ருசி போதும் என்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. குழந்தைகளோடு போய்ச் சிரித்துவிட்டு வருகிற குடும்பத்தை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால், போன வாரம் தின்ற மிட்டாய்க்கும் இந்த வாரம் தின்கிற மிட்டாய்க்கும் எந்தப் பாக்கியும் கிடையாது. பேய்க்கதை அப்படி அல்ல. பேய் என்றாலே பாக்கி. கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் விட்டதால்தான் அது வருகிறது. அந்தப் பாக்கியை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெள்ளைப் புடவையும் புகை மெஷினும்தான்.

இதை எங்கள் கரிசல்காட்டு ஜனங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் பக்கத்துப் பேய்க்கு அரண்மனை கிடையாது சார். கம்மாய்க்கரையும் புளியமரமும் பாழுங்கிணறும்தான். நடுராத்திரி வரைக்கும் அது காத்திருக்காது. பருத்திக்காட்டில் உச்சிவெயில் அடிக்கும்போதே வந்துவிடும். இடைசெவல்காரர் கி.ரா. தொகுத்த நாட்டுப்புறக் கதைகளில் பேய்களும் சர்வசாதாரணமாக நடமாடும்.

இந்தத் தென்பகுதியில் அநியாயமாகச் செத்தவர்களை ஜனங்கள் விரட்டவில்லை. பீடம் போட்டுக் கும்பிட்டார்கள். பஞ்சத்தில் ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீடு தேடிப் போய், அண்ணி விரட்ட, பிள்ளைகளைக் கிணற்றில் தள்ளித் தானும் விழுந்த நல்லதங்காளுக்கு, வத்திராயிருப்புப் பக்கம் அர்ச்சுனாபுரத்தில் கோயில். அருந்ததியர் குடும்பத்துச் சகோதரிகளான பொம்மக்காவையும் திம்மக்காவையும் கட்டிக்கொண்ட பிராமணன் முத்துப்பட்டனுக்குப் பாபநாசம் மலையில், சொரிமுத்து அய்யனார் கோயிலில் இடம். 1799-ல் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட இடத்தில் வழிப்போக்கர்கள் ஆளுக்கொரு கல் போட்டுவிட்டுப் போனார்கள் என்று சொல்வார்கள். அதுவும் பழைய பாக்கியை எழுதிவைக்கிற ஒரு முறைதான்.

கோயில் கொடை வந்தால் வில்லுப்பாட்டில் மறுபடி அதே கதை. பிறந்தது, வளர்ந்தது, வஞ்சகம், சாவு, தெய்வமாகித் திரும்பி வந்தது. "அதுவும் ஒரே கதைதானே?" என்பீர்கள். ஆமாம். ஆனால், ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே பாட்டுக்காரர் மாறுவார், பந்தல் மாறும், செத்தவர் பெயர் மட்டும் மாறாது. சினிமாவில் செத்தவர் பெயர் மாறிக்கொண்டே இருக்கும், பங்களா மட்டும் மாறாது.

அப்படியானால் இரண்டாம் பாகமே எடுக்கக் கூடாதா? எடுக்கலாம். ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' 1960-ல் வந்தது. 1983-ல் ரிச்சர்ட் ஃப்ராங்க்ளின் எடுத்த 'சைக்கோ 2', கொலைகாரன் நார்மன் பேட்ஸ் இருபத்திரண்டு வருஷம் கழித்து மனநல மருத்துவமனையிலிருந்து விடுதலையாவதில் தொடங்குகிறது. எதிர்த்து நிற்பது யார்? முதல் படத்தில் குளியலறையில் கொலையான பெண்ணின் சகோதரி. கையில் மனு. "எங்க வீட்டுச் சாவுக்கு என்ன பதில்?" என்பதுதான் அவள் கேள்வி. முதல் வரியே பழைய பாக்கி! முதல் பாகம் மாதிரி அது மகத்தான படம் இல்லை. ஆனால் யோக்கியமான படம்.

இங்கேயும் ஒருவர் முயற்சி செய்தார். அஜய் ஞானமுத்துவின் 'டிமான்ட்டி காலனி' 2015-ல் வந்தது. 2024-ல் வந்த இரண்டாம் பாகம், முதல் படத்தின் அந்த ராத்திரியை மறந்துவிட்டுப் புதுக் குடும்பத்தைக் கூட்டிவரவில்லை. அதே சாபம், அதே மனிதன், அங்கிருந்தே கணக்கு. இரட்டைச் சகோதரன் என்பது கொஞ்சம் வசதியான ஏற்பாடுதான். ஆனாலும், முன்கதைக்கு மரியாதை கொடுத்தார்கள், ரசிகர்களும் வந்தார்கள். ஆக, ஜனங்கள் கேட்பதில்லை என்ற சாக்கும் செல்லாது.

பேய்ப்படத்துக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். 'அரண்மனை 2' வந்தது 2016 ஜனவரியில். அதே வருஷம் மார்ச் 13-ம் தேதி உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் சங்கரை வெட்டிக் கொன்றார்கள். வெட்டுப்பட்டும் பிழைத்த கவுசல்யா, பெற்ற தகப்பனுக்கு எதிராகவே கோர்ட்டில் சாட்சி சொன்னார். 2017 டிசம்பரில் திருப்பூர் நீதிமன்றம் தகப்பன் உட்பட ஆறு பேருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. 2020 ஜூனில் உயர் நீதிமன்றம் தகப்பனை விடுதலை செய்தது. மற்ற ஐந்து பேரின் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. 2025 ஜூலையில் எங்கள் தூத்துக்குடி மாவட்டத்து இளைஞர் ஒருவரைப் பாளையங்கோட்டையில் வெட்டிக் கொன்றார்கள். காரணம், காதல்.

நிஜத்தில் இரண்டாம் பாகம் என்பது இதுதான். கோர்ட், வாய்தா, மேல்முறையீடு, அம்மாவின் அழுகை, அடுத்த வெட்டு. எந்தக் கணக்கும் ஒரே ராத்திரியில் கோயில் வாசலில் முடிவதில்லை. சினிமாவோ, வில்லன் செத்தான், பேய் அடங்கியது, பாக்கி பைசல், வீட்டுக்குப் போங்க என்கிறது. பாப்கார்னைத் தட்டிவிட்டு நாமும் எழுந்து வருகிறோம். செத்தவர்களை மறப்பதற்கு இதைவிடச் சுகமான பயிற்சி வேறு கிடையாது.

அதனால் உங்களிடம் ஒரு சின்ன வேண்டுகோள். அடுத்த தடவை ஏதாவது ஒரு பேய்ப்படத்துக்குப் பாகம் ஐந்து என்று போஸ்டர் ஒட்டினால், டிக்கெட் எடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. எடுப்பதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வியை உங்களையே கேட்டுப் பாருங்கள்.

போன பாகத்துல செத்தவ பேரு என்ன?