குறி தப்பினால் தப்பு யார் மேல்?

பட்டினப்பாக்கம் கடற்கரைக்குப் போனால் எங்கள் வீட்டில் மூன்று சடங்குகள் உண்டு. அலையில் கால் நனைப்பது, மிளகாய் பஜ்ஜி, பலூன் சுடுவது. போன ஞாயிற்றுக்கிழமை மூன்றாவதில் வில்லங்கம்.

எட்டாவது படிக்கும் மகள், நடுவில் இருந்த சிவப்பு பலூனைத்தான் உடைப்பேன் என்று பத்து குண்டு சுட்டாள். உடைந்தது இடப்பக்கத்து மஞ்சள் மட்டும். தம்பி கைகொட்டிச் சிரித்தான். அவள் முகம் சுருங்கிவிட்டது. "எனக்கு இதெல்லாம் வராதுப்பா. என்.சி.சி.க்குக் கொடுத்த பேரையும் வாபஸ் வாங்கிடறேன்" என்றாள்.

"அண்ணே, பலகையைக் கொஞ்சம் கிட்டப் பார்க்கலாமா?" என்று கடைக்காரரிடம் கேட்டேன். எல்லாத் துப்பாக்கிகளையும் கீழே வைக்கச் சொல்லிவிட்டு அழைத்துப் போனார். மஞ்சள் பலூன் இருந்த காலி இடத்தில் ஏழெட்டு புதுப் பொட்டுகள். உள்ளங்கையால் மறைத்துவிடலாம், அவ்வளவு நெருக்கம்!

அவள் கை ஆடவில்லை. துப்பாக்கியின் குறிதான் இடப்பக்கம் இழுக்கிறது.

ஒரு துப்பாக்கியை ஒரே குண்டில் எடை போடக் கூடாது. ஒரே இடத்தைக் குறிவைத்து ஐந்து குண்டாவது சுட வேண்டும். பிறகு இரண்டு கேள்வி. குண்டுகள் நெருக்கமாக விழுந்தனவா? நினைத்த இடத்தில் விழுந்தனவா? என்.சி.சி.யில் முதலில் பார்ப்பது அந்த நெருக்கத்தைத்தான், 'குரூப்பிங்' என்பார்கள். அந்தக் கூட்டத்தை அப்படியே இலக்கின் நடுவுக்குக் கொண்டுவருவது 'ஜீரோயிங்'. அடுத்த குண்டைத் தானே ஏற்றிக்கொள்ளும் ராணுவ எஸ்.எல்.ஆர். ரைபிளானாலும், பலூன் கடைத் துப்பாக்கியானாலும் கணக்கு இதுதான்.

நெருக்கமாக, ஆனால் தள்ளி விழுந்தால் வைத்தியம் சுலபம். பின்பக்கக் குறிகாட்டியை, குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் நகர்த்தினால் போதும். இறைந்து விழுந்தால்தான் வேலை அதிகம். பாதி மூச்சை விட்டுவிட்டு நிறுத்தி, விசையை வெடுக்கென்று இழுக்காமல் மெல்ல அழுத்த வேண்டும். ஸ்பிரிங் துப்பாக்கியை இறுக்கிப் பிடித்தாலும் குண்டு சிதறும். குண்டு நசுங்கியிருந்தாலும் அப்படித்தான். அதனால்தான் போட்டியாளர்கள் ரைபிளைக் கிடுக்கியில் பூட்டி, எந்தக் குண்டு நெருக்கமாக விழுகிறது என்று சோதித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

2008 பெய்ஜிங் ஒலிம்பிக், 10 மீட்டர் ஏர் ரைபிள். இறுதிச் சுற்றுக்கு முன் சரிபார்க்கச் சுட்ட குண்டு 4 மதிப்பெண்ணில் விழுந்தது என்று அபினவ் பிந்த்ரா பின்னர் சொல்லியிருக்கிறார். அந்த இலக்கில் 10 மதிப்பெண் புள்ளியின் விட்டமே அரை மில்லிமீட்டர்தான்! குறிகாட்டியைத் திருகிச் சரிசெய்துகொண்டு சுட்டார். கடைசிக் குண்டு 10.8. ஒலிம்பிக்கில் இந்தியாவின் முதல் தனிநபர் தங்கம். நான்கைப் பார்த்ததும் "இன்னிக்கு நமக்கு நாள் சரியில்லை" என்று அவர் ரைபிளைக் கீழே வைத்திருந்தால்?

நம் வீட்டிலும் இதுதானே நடக்கிறது? ஒரு பரீட்சையில் மார்க் குறைந்தால் "உனக்குக் கணக்கு வராது" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். நாலைந்து விடைத்தாள்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், தப்பு திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் இருக்கும். ஒரே மாதிரித் தப்பைத் திருத்துவது சுலபம்.

பலூன் கடைத் துப்பாக்கியில் திருக ஒன்றுமில்லை. அதனால், "சிவப்பை விட்டுடு. அதுக்கு வலப்பக்கம் இருக்கிற பச்சையைக் குறிவை" என்றேன். முறைத்துக்கொண்டே சுட்டாள். சிவப்பு பட்டென்று உடைந்தது. தம்பி வாயை மூடிக்கொண்டான்.

கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "பாப்பாவுக்கு நல்ல கை சார்" என்றார். என்.சி.சி. பேச்சை அவள் மறுபடி எடுக்கவில்லை. "காக்கி ட்ரெஸ் எங்கே தைக்கலாம்?" என்று மட்டும் கேட்டாள்.

ஒரு விஷயம். அந்தக் குண்டுகள் ஈயம். பஜ்ஜிக்கு முன்னால் பிள்ளைகள் சோப்பு போட்டுக் கைகழுவட்டும்.