மனத்திடம் மட்டும் போதுமா?

துயரத்திலிருந்து மீள்வது அவரவர் மனத்திடத்தைப் பொறுத்தது என்று மேடைதோறும் சொல்கிறார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நடந்த விஷச் சாராயச் சாவுகளை எண்ணிப் பார்த்தால் இதை ஏற்க முடியவில்லை.

சாவு வீட்டில் அடுப்பு எரியாது; பக்கத்து வீட்டிலிருந்து சோறு வரும். பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைப்பார்கள். காரியம் முடியும்வரை அந்த வீட்டைத் தனியே விடமாட்டார்கள். நம் ஊர்களில் மனத்தைத் தேற்றிவந்தது இந்த ஏற்பாடுதான். மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றபோது, ஒரே தெருவில் வீட்டுக்கு வீடு சாவு விழுந்தது. சோறு கொண்டுவர வேண்டியவர்களே பிணத்தருகே உட்கார்ந்திருந்தார்கள். தேற்ற ஆளில்லாத இடத்தில் எந்த மனம் தானாகத் தேறும்?

‘நிவாரணம் கொடுத்தாயிற்றே’ என்பார்கள். இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் கொடுத்தது சரியே. பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு 18 வயதுவரை மாதம் 5,000 ரூபாய் என்ற அறிவிப்பு அதைவிட மேல். அது மாதாமாதம் துணைக்கு வருகிறது. ஆனால், பிழைத்தவர்கள்? மெத்தனால் உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைக் கெடுக்கும். கண் மங்கிய கூலித் தொழிலாளியின் கலக்கம் ஒருமுறை தரும் பணத்தில் தீராது.

‘குடித்துச் செத்தவனுக்கு என்ன இரக்கம்?’ இதைக் கேட்கும்போதுதான் நெஞ்சு கொதிக்கிறது. இந்தப் பேச்சுக்கு அஞ்சியே மனைவி வாய்விட்டு அழமாட்டாள். அப்பா எப்படி இறந்தார் என்று பிள்ளை பள்ளியில் சொல்லாது. அந்த மௌனத்தைப் பார்த்து ‘தேறிவிட்டார்கள்’ என்கிறோம்.

அதே மாவட்டத்தின் கல்வராயன் மலை மக்களை ‘எதையும் தாங்குவார்கள்’ என்பதும் பாராட்டுப் போல ஒலிக்கும் கைவிடல். அங்குள்ள மலையாளிப் பழங்குடியினரின் அடிப்படை வசதிகள் குறித்து, இந்தச் சாவுகளுக்குப் பிறகு, 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுக்க வேண்டியிருந்தது. சாலையும் மருத்துவமும் கேட்டுக் காத்திருப்பவர்களிடம் தாங்கும் சக்தியைப் புகழ்வது அநியாயம்.

மனநல உதவிக்கு 14416 என்ற எண் இருக்கிறது; நல்லது. ஆனால், உடைந்து கிடப்பவர் தாமே எண்ணைத் தேடி அழைக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் அதே பழைய வாதம்தான். 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் வீடுவீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். கருணாபுரத்திலும் மலைக் கிராமங்களிலும் அவர்கள் இன்னும் மூன்று கேள்வி கேட்கட்டும்: தூக்கம் வருகிறதா, வீட்டில் யாராவது மறுபடி குடிக்கிறார்களா, பிள்ளை பள்ளிக்குப் போகிறதா? பதில் சரியில்லையென்றால் மாவட்ட மனநல மருத்துவர் அந்த வீட்டுக்கே வர வேண்டும்.