சளி மாத்திரை சாதாரண விஷயமா?

"ஜலதோஷத்துக்கு மாத்திரை கொடுங்கள்" என்று மருந்துக்கடையில் கேட்கிறோம். கடைக்காரர் அட்டையிலிருந்து இரண்டை வெட்டிக் கொடுக்கிறார். மருந்தின் பெயர் மீதி அட்டையோடு கடையிலேயே தங்கிவிடுகிறது. விழுங்கிவிட்டு இரவு ஷிப்டுக்கு ஓடுகிறோம். போகாவிட்டால் ஒரு நாள் கூலி போய்விடுமே!

அந்த ஒரு மாத்திரைக்குள் பெரும்பாலும் மூன்று மருந்துகள் இருக்கின்றன. தும்மலுக்குக் குளோர்பெனிரமின், மூக்கடைப்புக்குப் பினைலெப்ரின், காய்ச்சலுக்குப் பாராசிட்டமால். நாம் ஏற்கெனவே சாப்பிடும் மருந்துகளோடு இவை மோதினால் அபாயம்.

குளோர்பெனிரமின் தூக்கத்தை வரவழைக்கும். அதோடு சாராயமோ, தூக்க மாத்திரையோ, வலிப்பு நோய்க்கான சில மாத்திரைகளோ சேர்ந்தால் மயக்கம் இன்னும் கூடும். நூற்பு இயந்திரத்தின் முன்னாலோ, கதிரடிக்கும் இயந்திரத்தின் அருகிலோ நிற்பவன் ஒரு நொடி கண்ணயர்ந்தால் கையே போய்விடும்.

பினைலெப்ரின் ரத்தக் குழாய்களைச் சுருக்கும். ரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்குக் கொதிப்பு மேலும் ஏறலாம். சாதாரண மருந்துக்கு அடங்காத காசநோய்க்கு லினசோலிட் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், டாக்டரைக் கேளாமல் இதைத் தொடவே கூடாது. இத்தனை அபாயத்துக்கும் பலன் என்ன? வாய்வழி சாப்பிடும் பினைலெப்ரின் மூக்கடைப்பைப் போக்குவதில்லை என்று அமெரிக்க சர்க்காரின் மருந்து நிபுணர் குழு 2023ல் ஒருமனதாகச் சொல்லிவிட்டது!

பாராசிட்டமாலின் கதை வேறு. சளி மாத்திரையிலும் அது இருக்கிறது. உடல்வலிக்கென்று தனியே வாங்கும் மாத்திரையிலும் அதே மருந்துதான். பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 4,000 மில்லிகிராம்தான் உச்ச எல்லை. மீறினால் ஈரல் கெடும். குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கு அதற்குக் குறைந்த அளவே ஆபத்தாகலாம்.

குளோர்பெனிரமினும் பினைலெப்ரினும் சேர்ந்த மருந்தை 4 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று மருந்தின் மேல் அச்சிடும்படி 2023 டிசம்பரில் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரி உத்தரவிட்டார். நல்லதுதான். ஆனால் பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் அச்சிட்ட எச்சரிக்கை நம் குடிசையில் யாருக்குப் பயன்படும்?

குற்றம் தொழிலாளியின் அறியாமை மட்டும்தானா? இ.எஸ்.ஐ. உள்ள மில் தொழிலாளிக்கு நோய்க்கால உதவியாகக் கூலியில் 70 சதவீதமாவது உண்டு. வயலில் நனைந்து நடவு நடும் பெண்ணுக்கு அதுவும் இல்லை. படுத்தால் அடுப்பு எரியாது. ஆகவேதான் மாத்திரையைப் போட்டுக்கொண்டு சேற்றில் இறங்குகிறாள்.

தோழர்களே! மாத்திரையை வாங்கும்போது பெயரைக் கேளுங்கள். பெயரும் காலாவதித் தேதியும் தெரியும்படி வெட்டித் தரச் சொல்லுங்கள். வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். எச்சரிக்கைகள் தமிழில் வேண்டும், நோயுற்ற நாளுக்குக் கூலி விவசாயத் தொழிலாளிக்கும் வேண்டும் என்று சங்கக் கூட்டத்தில் எழுப்புங்கள். சாதாரண ஜலதோஷம் ஏழு, எட்டு நாளில் தானே போய்விடும். போன கை திரும்பி வருமா?