வாஷிங்டன் சுந்தரின் கையில் பந்தைக் கொடுங்கள்



வாத்தியாருக்கு கிரிக்கெட் எதற்கு என்று சிரிக்காதீர்கள். ரொம்ப நாளாக மனதில் கிடந்ததை இன்று எழுதிவிடுகிறேன்.

நம் சென்னைப் பையன் வாஷிங்டன் சுந்தர் டெஸ்ட் அணியில் இருக்கிறார். ஆனால் அவருக்கு என்ன வேலை என்று அணிக்கே தெரியவில்லை. 2025 நவம்பரில் கொல்கத்தாவில் தென்னாப்பிரிக்காவுடன் நடந்த டெஸ்டில் அவரை மூன்றாவது ஆளாக மட்டை பிடிக்க அனுப்பினார்கள். இரண்டாவது இன்னிங்ஸில் இந்தியா எடுத்த 93 ரன்னில் 31 அவருடையது. அதுதான் அணியின் அதிகபட்சம். பந்து வீசக் கொடுத்ததோ ஒரே ஒரு ஓவர். அடுத்த கௌஹாத்தி டெஸ்டில் எட்டாவது இடத்துக்கு இறக்கிவிட்டார்கள்.

இது முதல் முறையும் அல்ல. அதே ஆண்டு ஜூலையில் லார்ட்ஸில் 22 ரன் கொடுத்து 4 விக்கெட் எடுத்தார். நாலும் ஸ்டம்பைப் பெயர்த்தவை. அடுத்த மான்செஸ்டர் டெஸ்டில் ஏறக்குறைய 70 ஓவர் வரை அவரைக் கூப்பிடவே இல்லை. கூப்பிட்ட கொஞ்ச நேரத்தில் போப், புரூக் இருவரையும் வெளியேற்றினார். கடைசி நாளில் ஆட்டமிழக்காமல் 101 ரன் அடித்து, ஜடேஜாவோடு சேர்ந்து தோல்வியைத் தடுத்தார்.

கேப்டன் பக்கமும் நியாயம் உண்டு. ஜடேஜா, குல்தீப், அக்சர் என்று சுழல் பந்து வீச ஆள் நிறைய. ஆஃப் ஸ்பின் இடது கை ஆட்டக்காரர்களுக்குத்தான் சரி என்ற எண்ணமும் இருக்கிறது. ஆனால் ரூட், போப், புரூக் எல்லாம் வலது கைக்காரர்கள். 2024இல் புனேயில் நியூசிலாந்துக்கு எதிராக ஒரே டெஸ்டில் 11 விக்கெட் எடுத்தவரை இன்னும் எத்தனை நாள் சோதித்துப் பார்ப்பது? எந்த இடமானாலும் சரி, ஒரு இடத்தில் நிறுத்துங்கள். தினமும் 15 ஓவராவது கொடுங்கள். அதன் பிறகு குறை சொல்லுங்கள்.

ஒரு வேலை தெரிந்தவனுக்கு ஒரு இடம் கிடைத்துவிடுகிறது. நாலு வேலை தெரிந்தவன் எங்கே ஓட்டை விழுந்தாலும் அடைக்கிற ஆளாகி, கடைசியில் ஒப்புக்குச் சப்பாணியாக நிற்கிறான்.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று யோசித்தேன். நானும் அதைத்தான் செய்திருக்கிறேன். பாட்டு, பேச்சு, நடிப்பு எல்லாம் வருகிற ஒரு பையன் என் வகுப்பில் இருந்தான். ஆண்டு விழாவில் எவன் வராவிட்டாலும் அவனை நிறுத்திவிடுவேன். கெட்டிக்காரன், சமாளித்துக்கொள்வான் என்று நினைத்தேன். இப்போது வளைகுடாவில் இருக்கிறான். போன வருடம் போனில் சிரித்துக்கொண்டே கேட்டான்: "சார், எனக்குன்னு ஒரு வேஷம் கடைசி வரைக்கும் குடுக்கவே இல்லையே?" எனக்குப் பதில் வரவில்லை.

தம்பி, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். தப்பு என்னுடையதுதான்.

மற்றவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். உங்கள் வீட்டிலோ, கடையிலோ, உங்களுக்குக் கீழே வேலை பார்ப்பவர்களிலோ இப்படி ஒரு பிள்ளை இருக்கும். எல்லாம் செய்யும், எதையும் கேட்காது. அதற்கென்று ஒரு பொறுப்பை முழுதாகக் கொடுத்துப் பாருங்கள்.

வாஷிங்டனை எந்த இடத்தில் ஆடவிடலாம் என்று நினைக்கிறீர்கள்? கீழே எழுதுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் ஆசிரியர்,
லப்பைக்குடிக்காடு